288 டிகிரி

செப்டம்பர் 4, ஞாயிறு

மெஸ் விடுமுறை. நேற்றைய சாதத்தில் மோர் ஊற்றிக் குடித்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் கணபதி ஏரியா முழுக்க ஷட்டரை இறக்கிவிடுகிறார்கள். பக்கத்துப் பட்டறையின் லேத் சத்தத்தை ஆறு நாள் திட்டுவேன், ஏழாம் நாள் தேடுவேன்.

பதினொரு மணிக்கு ஒரு பழைய வெள்ளை எஸ்டீம் கார் வந்து நின்றது. இறங்கியவர் ஒரு பெண்மணி. "மருதாசலம் சாருங்களா? என்ஜின் வேலைக்கு உங்களத்தான் பாக்கணும்னாங்க" என்றார். பெயர் வத்சலா. மேட்டுப்பாளையத்தில், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் பட்டறை நடத்துகிறார். டிசம்பரில் நடக்கும் நானூறு மீட்டர் டிராக் பந்தயத்தில் ஓடப்போகிறாராம்.

"போன வருசம் பதினேழரை செகண்டுங்க. ஒருக்காலாச்சும் பதினஞ்சுல ஆரம்பிக்கற நேரச் சீட்டு ஒண்ணு கையில வாங்கணும். அவ்வளவுதான் ஆசை."

இங்கே வருகிற பயல்கள் வந்ததும் வராததுமாக, "இருக்கறதுலயே பெரிய கேம்ஷாஃப்டாப் போடுங்ணா" என்பான்கள். டிகிரி எண் பெரிதாக இருந்தால் போதும், மீசை முளைத்துவிட்ட நினைப்பு. அப்புறம் ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி அணைந்து, பின்னால் வருகிற பஸ்காரனிடம் திட்டு வாங்குவான்கள். இவர் எதையும் போடச் சொல்லவில்லை. "எது போட்டா சரியா இருக்கும்?" என்று கேட்டார். இருபத்தாறு வருடத் தொழிலில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

கேம் தேர்ந்தெடுக்க நான் பதினொரு கேள்வி கேட்பேன். வண்டி எடை, கியர் விகிதம், கம்ப்ரஷன், எங்கே ஓட்டுவீர்கள், யார் ஓட்டுவார்கள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். தினமும் பட்டறைக்கு இதே வண்டி. சனிக்கிழமை தோறும் கோத்தகிரிக்கு, அம்மாவைப் பார்க்க. வண்டி ஓட்டுவது அவர் மட்டும். "வீட்ல வேற யாரும் இல்லீங்க" என்றார். அது என் பதினொரு கேள்வியில் இல்லை.

செப்டம்பர் 5, திங்கள்

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 264 டிகிரி கேம். சந்தேகமே இல்லை.

வருகிறவர்களிடம் எப்போதும் இப்படிச் சொல்வேன்: வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்கிற தண்டுதான் கேம்ஷாஃப்ட். டிகிரி கூடினால் வால்வு அதிக நேரம் திறந்திருக்கும். உச்ச வேகத்தில் எஞ்சின் நன்றாக மூச்சு விடும். ஆனால் மெதுவாக ஓடும்போது திணறும். மலைச்சாலையிலும் ஊருக்குள்ளும் ஓடுகிற வண்டிக்கு 264க்கு மேல் போவது கிறுக்குத்தனம். வத்சலா மேடம் கேட்ட பதினைந்தும் இதிலேயே வந்துவிடும், பதினைந்தே முக்கால், பதினைந்து எண்பது.

கேம் கார்டில் 264 என்று எழுதி ஆணியில் மாட்டினேன்.

செப்டம்பர் 11, ஞாயிறு

வத்சலா மேடம் வண்டியை விட்டுவிட்டுப் போக வந்தார். வரும் வழியில் அன்னூர் ரோட்டில் வாங்கியதாம், சூடாக வெங்காய போண்டா. நான் கேட்கவில்லை, அவராகவே வாங்கி வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து நான் எஞ்சின் ஹெட்டைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மூலையில் கிடந்த டயரைக் கட்டைவிரலால் ஒரு முறை அழுத்திவிட்டு, "இது வெயில்ல கெடந்த டயருங்க, இன்னும் மூவாயிரம் கிலோமீட்டர்தான்" என்றார். டயர் ஜோசியமா என்று கேட்டேன். சிரித்தார். நானும் சிரித்தேன் போல. தொண்டை பழக்கமில்லாமல் இருமல் வந்துவிட்டது.

கிளம்பும்போது, "வேலை முடிஞ்சதுக்கப்புறம் மறுபடி எப்பக் கொண்டாரணும்?" என்று கேட்டார்.

"இந்தக் கேமுக்கு வருசத்துக்கு ஒருக்கா டேப்பெட் பாத்தாப் போதுங்க."

"அப்ப ரொம்ப நல்லதுங்க. உங்களுக்கும் தொந்தரவு இல்ல" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

ஒன்றரை மணி. மீதி போண்டா நான்கு இருந்தது. நான்கையும் தின்றேன்.

செப்டம்பர் 12, திங்கள்

யோசித்துப் பார்த்ததில் 264 போதாது என்று தோன்றுகிறது. டிராக் என்பது வேறு. வெயில் நேரத்தில் ஓடவேண்டி வரும், காற்று எதிரே வீசலாம், வினாடியில் பத்தில் இரண்டு பங்காவது கையிருப்பு வேண்டும். 288 போட்டால் மேல் வேகத்தில் தாராளமாக மூச்சு விடும். வேகமாகத் தூக்கி வேகமாக இறக்குகிற கேம், டேப்பெட் இடைவெளியை, வால்வுக்கு மேலே விடுகிற அந்த மயிரிழையை, அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும், மாதம் இரண்டு முறையாவது. அது ஒரு சின்னச் சிரமம்தான்.

கார்டை மாற்றி எழுதி, கேம் அரைக்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 14, புதன்

சிங்காநல்லூரிலிருந்து அந்தோணிராஜ் போன் செய்தான். எனக்குக் கேம் அரைத்துக் கொடுப்பது அவன்தான், பதினெட்டு வருடமாக.

"யோவ், 288ன்னு எழுதியிருக்க. ரேஸ் வண்டியா?"

"ரெண்டுக்கும்."

"ரெண்டுக்கும்னா ரோட்லயும் ஓடுதா? உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? நீதானய்யா பசங்கள இதுக்குத் திட்டுவ?"

கஸ்டமர் விருப்பம் என்றேன். "அந்தக் கஸ்டமர என்றகிட்ட அனுப்பு, நான் பேசறேன்" என்றான். வேலையைப் பார் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவனுக்கு வயதாகிவிட்டது, எதற்கெடுத்தாலும் வாய்.

செப்டம்பர் 23, வெள்ளி

கேம் வந்தது. டிகிரி சக்கரம் மாட்டி மூன்று முறை அளந்தேன். சுத்தமாக அரைத்திருக்கிறான். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி போதும்.

அக்டோபர் 2, ஞாயிறு

வண்டி முடிந்தது. ஐடிலிங் 1350க்குக் கீழே நிற்கவில்லை. மேனிஃபோல்டில் வாக்குவம், எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற விசை, 9 காட்டுகிறது, முன்பு 18 இருந்தது. பிரேக்கை லேசாக்கிக் கொடுப்பது அந்த வாக்குவம்தான் என்பதை எழுதி வைக்கிறேன். எழுதத் தேவையில்லை, எனக்குத் தெரியும். 9 போதும்.

வத்சலா மேடம் பதினொன்றுக்கு வந்தார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் கடகடவென்று குலுங்கி ஓடிய சத்தத்தைக் கேட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி கையைத் தட்டினார். "இது என்ற வண்டிதானுங்களா?"

"ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கொண்டு வாங்க. டேப்பெட் பாக்கணும்."

"வருசத்துக்கு ஒருக்கான்னீங்க?"

"கேம் மாத்திட்டங்க. இது இன்னும் நல்லது."

"சரீங்க. எனக்கென்ன தெரியும், நீங்க சொன்னாச் சரி" என்றார்.

அக்டோபர் 4, செவ்வாய்

ஆயுத பூஜை. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜுக்கும் டயல் கேஜுக்கும் பொட்டு வைத்தேன். பொரி கடலை மூன்று பேருக்கு வாங்கிவிட்டேன், பழக்கதோஷம். மூன்று பேர் யார் என்று கேட்டால் பதில் கிடையாது.

அக்டோபர் 16, ஞாயிறு

வந்தார். பதினாறு டேப்பெட்டையும் அளந்தேன். பதினாறும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. எல்லாவற்றையும் தளர்த்தி, மறுபடி அதே அளவில் வைத்தேன். இரண்டேகால் மணி நேரம். அவர் அம்மாவைப் பற்றிச் சொன்னார். கோத்தகிரியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாராம். கீழே வந்தால் வேர்க்கிறதாம். கல்யாணம் பற்றி ஒரே ஒரு வரி சொன்னார்: "ஆறு வருசம் இருந்தமுங்க, அப்புறம் அவரு சேலத்துக்கே போயிட்டாரு." என்னைப் பற்றிக் கேட்டார். அண்ணன் திருப்பூரில் இருக்கிறார், பொங்கலுக்குக் கூப்பிடுவார் என்றேன். அதற்கு மேல் என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

எலுமிச்சை சாதம் கொண்டு வந்திருந்தார். வறுத்த மிளகாய் தனியாக.

அக்டோபர் 30, ஞாயிறு

வத்சலா வந்தார். டேப்பெட்டில் எதுவும் இல்லை. பார்த்தேன்.

"பிரேக் கொஞ்சம் கெட்டியா இருக்கற மாதிரி இருக்குங்க. மலையில எறங்கறப்ப."

"பழகிடும்" என்றேன்.

"அப்படீங்களா" என்றார்.

நவம்பர் 13, ஞாயிறு

வரவில்லை. பத்து மணிக்கே பட்டறையைக் கூட்டி வைத்துவிட்டேன். இரண்டு டீ சொல்லி, இரண்டையும் நானே குடித்தேன். நான்கு மணிக்கு ஷட்டரை இறக்கினேன். வேலை இருந்திருக்கும். ரீட்ரெடிங் தொழிலில் கார்த்திகை மாதத்துக்கு முன்னால் கூட்டம் வரும், சபரிமலை வண்டிகள்.

நவம்பர் 14, திங்கள்

வத்சலா போன் செய்தார். நேற்று வராததற்கு மன்னிப்புக் கேட்டுத்தான் ஆரம்பித்தார்.

சனிக்கிழமை மாலை கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது, குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில், கியர் குறைக்கக் கிளட்ச்சை மிதித்திருக்கிறார். எஞ்சின் அணைந்துவிட்டது. பிரேக் இரண்டு மிதிக்குக் கேட்டது, மூன்றாவது மிதிக்குக் கல்லாகிவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கச் சுவரோடு வண்டியை உரசி நிறுத்தியிருக்கிறார். இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

"என்ற தப்புங்க. பயத்துல கிளட்ச்ச முழுசா மிதிச்சுட்டேன். நீங்க அவ்வளவு மெனக்கெட்டுச் செஞ்ச வண்டி, மூஞ்சியெல்லாம் ஒடைச்சு வெச்சிருக்கேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டேன். ஆகவில்லை என்றார். வண்டியை அனுப்புங்கள் என்றேன். போனை வைத்துவிட்டேன். கேமைப் பற்றிச் சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 15, செவ்வாய்

வண்டி கட்டி இழுத்து வந்தார்கள். பம்பர், இடது விளக்கு, ஃபெண்டர். எஞ்சினுக்கு எதுவும் இல்லை. ஸ்டார்ட் செய்து கிளட்ச்சை மிதித்துப் பார்த்தேன். மூன்று தடவையில் ஒரு தடவை அணைகிறது. அணைந்தபின் பிரேக்கை மிதித்தேன். ஒன்று, இரண்டு. மூன்றாவது கல்.

அவர் சொன்னது அச்சாக அப்படியே இருக்கிறது. யார் ஓட்டியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

மதியம் மெஸ்ஸுக்குப் போகவில்லை.

நவம்பர் 17, வியாழன்

வந்தார், பஸ்ஸில். கையில் கட்டு. வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

"நான் வித்துடலாம்னு இருக்கேனுங்க. டிராக்கெல்லாம் நமக்கு ஒத்துவராது. ஒரு வளைவுல வண்டிய நிறுத்தத் தெரியாதவளுக்கு எதுக்கு அந்த ஆசை?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் இதோடு முடிந்திருக்கும். அவர் தன்னையே திட்டிக்கொண்டு வண்டியை விற்றிருப்பார். வேறு யாருக்கும் எதுவும் தெரியாது, அந்தோணிராஜைத் தவிர. ஒரு நிமிடம் அப்படியே விட்டுவிடத்தான் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

"உங்க தப்பு இல்லீங்க" என்றேன். "கேம் தப்பு. அதப் போட்டா என்ஜின் அணையும், பிரேக் கெட்டியாகும். தெரிஞ்சேதான் போட்டேன்."

"தெரிஞ்சேன்னா?"

"உங்க வண்டிக்குச் சின்னதுதான் சரி. மொதல்ல அதத்தான் எழுதினேன். அதப் போட்டா வருசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்."

"அதனால?"

"பெருசப் போட்டா மாசம் ரெண்டு தடவ வரணும்."

"எதுக்குங்க நான் வரணும்?"

"ஞாயித்துக்கிழமை இங்க யாரும் இருக்க மாட்டாங்க" என்றேன். நாற்பத்தொன்பது வயதில் சொல்லக்கூடிய காரணமா இது? வேறு காரணம் இல்லை.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்தார்.

"அப்ப, பெருசு போட்டா வேகமாச்சும் போகுமா?"

"இல்லீங்க. உங்க கியருக்குக் கிளம்பறப்ப இழுக்காது. சின்னதுதான் வேகம்."

"டேப்பெட்டு பாத்தது?"

"ஒரு தடவகூட மாறியிருக்கல."

"டீ குடிக்க வாங்கன்னு கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனுங்க" என்றார். குரல் உயரவே இல்லை. "அதுக்குப் போயி என்ற பிரேக்கு மேல கை வெச்சீங்களா? அந்த வளைவுக்கு இந்தப் பக்கம் சுவரு. அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? கெட்டியா இருக்குன்னு உங்ககிட்ட வந்து சொன்னேனே. பழகிடும்னீங்க."

போய்விட்டார். பஸ் ஸ்டாப் வரை பின்னால் போகலாம் என்று ஷட்டர் வரை வந்து நின்றேன்.

தனியாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. இதை நான் எங்கேயும் எழுதியதில்லை. பிடிக்காதது என் பாடு. அதைக் கொண்டுபோய் இன்னொருவர் உயிரில் மாட்டிவிட்டேன். சிக்னலில் அணைகிற பயல்கள் என்னைவிட எவ்வளவோ மேல். அவன்கள் தங்கள் வண்டியைத்தான் கெடுத்துக்கொள்கிறான்கள்.

நவம்பர் 18, வெள்ளி

அந்தோணிராஜிடம் நேரில் போய் 264 கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டாமல் அப்போதே மெஷினில் ஏற்றிவிட்டான். அது இன்னும் மோசமாக இருந்தது.

நவம்பர் 22, செவ்வாய்

வத்சலாவிடமிருந்து ஒரே ஒரு மெசேஜ்: "விக்கல. சின்னது போட்டு வைங்க. 27 வர்றேன்."

நவம்பர் 25, வெள்ளி

264 ஓடுகிறது. ஐடிலிங் 850. வாக்குவம் 17. கிளட்ச்சை ஐம்பது தடவை மிதித்துப் பார்த்தேன், ஒரு தடவையும் அணையவில்லை. ஃபெண்டர், பெயிண்ட் முடிந்தது. 288ஐ ஆக்ஸா பிளேடால் மூன்று துண்டாக வெட்டி இரும்புக்கடைக்குப் போட்டேன். ஒரு பிளேடு போயிற்று.

நவம்பர் 27, ஞாயிறு

பதினொரு மணி. ஸ்டூலில் உட்காரவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "டேப்பெட் பாக்க எனக்குக் கத்துக்குடுங்க" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. வால்வ் கவரைக் கழற்றினேன். கேம் எந்த நிலையில் இருக்கும்போது எந்த வால்வை அளப்பது, ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகி இழுக்கும்போது விரலில் எவ்வளவு பிடிப்புத் தெரிய வேண்டும், நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ நகராமல் எப்படிப் பிடிப்பது, எல்லாம் சொன்னேன். இடது கை இன்னும் முழுசாக வராததால் முதல் நான்கில் தடுமாறினார். ஐந்தாவதிலிருந்து பிடித்துக்கொண்டார். டயர் தொட்டுப் பழகிய விரல். பதினாறாவதை அவர் வைத்தபின் நான் அளந்தேன். நான் வைத்திருந்தாலும் அதைவிடச் சரியாக வைத்திருக்க முடியாது.

"சரியா இருக்குதுங்களா?"

"சரியா இருக்குங்க."

"பொய் இல்லியே?"

"இல்லீங்க."

ஆறு மணி நேரத்தில் நாங்கள் வேறு எதுவும் பேசவில்லை. போகும்போது என் பழைய ஃபீலர் கேஜைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். இனி இந்த வண்டிக்கு நான் தேவையில்லை. ஒழுங்காகச் செய்த வேலை இது ஒன்றுதான்.

டிசம்பர் 4, ஞாயிறு

மெஸ் இல்லை. உப்புமா.

டிசம்பர் 11, ஞாயிறு

இன்று டிராக். வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. அழைக்காத இடத்துக்குப் போனால் அதுவும் ஒரு திருட்டு. பட்டறையிலேயே இருந்தேன். வானம் மூடியிருந்தது, காற்று இல்லை, நல்ல நாள். இரண்டரை மணிக்கு ஒரு போட்டோ வந்தது. நேரச் சீட்டு. 15.81. கூட ஒரு வார்த்தையும் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான் பெரும்பாலும்.

டிசம்பர் 18, ஞாயிறு

ஒன்றுமில்லை.

டிசம்பர் 21, புதன்

காலையில் ஹெட் வேலைக்கு ஒருத்தர் வருவதாகச் சொல்லியிருந்தார். நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கினேன். வேலை நாளில் இறக்கியது எத்தனை வருடத்துக்கு அப்புறமோ. பக்கத்து லேத்காரர் வெளியே வந்து, "உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார். ஊருக்குப் போகிறேன் என்றேன். எந்த ஊர் என்று கேட்டார். மேட்டுப்பாளையம் என்றதும், "அது ஊராங்க?" என்று சிரித்தார்.

டூல் பையை எடுத்து, மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினேன். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. காரமடை வரை, இறங்கித் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தது.

விசாரித்துக்கொண்டு போனேன். தகரக் கூரை, உள்ளே ரப்பர் வேகிற சூடு. வத்சலா ஒரு லாரி டயருக்குள் பாதி தலையை விட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் முகம் மாறியது, கையுறையைக் கழற்றினார்.

"என்னங்க? வண்டியில ஏதாச்சும் விட்டுப் போச்சா?"

"இல்லீங்க. வண்டிக்காக வரல."

"பின்ன?"

பஸ்ஸில் வரும்போது நான்கு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "உங்களப் பாக்கணும்னு வந்தேன்" என்றேன். "வேற வேலை எதுவும் இல்ல. போகச் சொன்னா போயிடறனுங்க."

அவர் என் கைகளைப் பார்த்தார், பை எதுவும் இருக்கிறதா என்று பார்த்தாரோ என்னவோ. உள்ளே வேலை செய்கிற இரண்டு ஆட்களும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எனக்கு இன்னும் கோவம் போகலீங்க" என்றார்.

"தெரியும்."

"எப்பப் போகும்னும் தெரியாது."

"சரீங்க."

கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார். "இந்த ஆறு டயரும் முடிக்கணும். ஒரு மணி நேரமாவது ஆகும். இருக்கறதுன்னா அங்க உக்காருங்க."

சுவரோரம் அடுக்கியிருந்த டயர்களில் ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் என்றது இரண்டு மணி நேரம் ஆயிற்று. உட்கார்ந்தே இருந்தேன்.